எண்ணெய் தடவிய கட்டைவிரல்

கட்டைவிரலில் லேசாக எண்ணெய்ப்பசை இருந்தால் கைரேகை மிஷின் சட்டென்று படித்துவிடும். நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண் வெட்டும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே வரிசையில் நகர்வார்கள்.

2014இல் வாசலில் அந்த மிஷினை அமைத்தவன் நான். மலிவான சிப், குறைந்த நினைவகம். பதிவுகளுக்குக் கனமான பூட்டுப் போட்டால் ஒவ்வொரு விரலுக்கும் நேரமாகும். "யோவ், மிஷினு தூங்குதா, நாங்க தூங்கட்டுமா?" என்பார்கள். அதனால் எளிய பூட்டொன்றைச் செய்தேன். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு முத்திரையிட்டுப் பிணைக்கப்படும். ஒன்றைத் தொட்டால் அதன்பின் வரும் முத்திரைகள் எல்லாம் உடைந்துவிடும். மறுபடி முத்திரையிடும் சாவி, பழுதுபார்ப்பதற்காக, என்னிடம் மட்டும் இருந்தது.

ஐப்பசி மழையில் மண் சரிந்தது. ஓடி வந்தவர்கள் விரல் வைத்து வெளியேறினார்கள். ஒருவன் குறைந்தான், செங்குட்டுவன். ஆள் இறக்கக் கூடாத சரிவில் அவனை இறக்கியவர் ஒப்பந்தக்காரர் சோமசுந்தரம். என்னைத் தனியே அழைத்தார்.

"அவன் போய்ட்டான் தம்பி. அந்த மண்ணுக்குக் கீழ எவன் பொழைப்பான்? பேரு இருந்தா காண்ட்ராக்ட் போயிடும். முந்நூறு குடும்பம், யோசிச்சிக்க."

நியாயமாகத்தான் பட்டது. காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. வாதாடத் தெம்பும் இல்லை. அவன் வருகையை நீக்கிவிட்டு மற்றவற்றுக்கு மறுபடி முத்திரையிட்டேன். எளிய பூட்டு என்பதால் டீ ஆறுவதற்குள் முடிந்தது.

போனவர் கணக்கும் வந்தவர் கணக்கும் பொருந்தின. கூட வேலை செய்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மறுநாளும் அவர்களுக்கு வேலை வேண்டும். அவன் மனைவி தனம் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

"காலையில எந்தலையிலதாங்க கட்டவெரலத் தேச்சாரு. 'ஒனக்குத் தல இல்லியா'ன்னேன், சிரிச்சிக்கினே போனாரு. வேலைக்கி வராத ஆளு எதுக்குங்க எண்ண தொடணும்? தோண்டச் சொல்லுங்க."

பாதுகாப்பு அதிகாரி கருணாகரன் என் பக்கம் திரும்பினார். "பதிவ யாராவது மாத்தியிருக்க முடியுமா?"

"மாத்தினா முத்திரை ஒடஞ்சிருக்கும் சார். நீங்களே பாருங்க."

பார்த்தார். உடையவில்லை. அவனைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்த மண் அள்ளும் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

மூன்றாம் நாள், சரிவைச் சமன்படுத்தும்போது கிடைத்தான். ஒரு தகரத்தின் அடியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். மண் சரிந்த அன்று மாலைவரை மூச்சு இருந்திருக்கும் என்றார் மருத்துவர். மண்ணைப் பறித்துப் பறித்து விரல்களில் தோல் இல்லை. மிஷினில் வைத்திருந்தாலும் படித்திருக்காது. வேலி தாண்டித் திருட வந்தவன் என்று எழுதிக்கொண்டார்கள்.

விசாரிக்க வந்த உங்களிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். பதிவை நீக்கியவன் நான். தோண்டுவதை நிறுத்தியதும் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: இத்தனை ஆண்டுகளில் அந்த மிஷினிலிருந்து ஒருவருடைய ரேகைகூடத் திருடுபோனதில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது பதிந்த செங்குட்டுவனுடையதும் உள்ளே பத்திரமாக இருக்கிறது.