ஒலிபெருக்கியின் பின்புறம் ஒட்டிய சீட்டு

ஐயா, வால்வு பொருத்திய ஒலிபெருக்கியின் மேல் தண்ணீர்க் கூஜாவை வைத்தல் நன்றன்று. நேற்று நான் காவல் நிலையத்துக்கு வந்தபோது, சாட்சிப் பொருளாகச் சுவரோரம் வைக்கப்பட்டுள்ள ஒலிபெருக்கியின் தலையில் ஏட்டையா தம் கூஜாவை ஏற்றியிருந்தார். ஈரம் உள்ளே இறங்கினால் நல்ல வால்வுகள் நான்கும் கெட்டுவிடும். அன்புகூர்ந்து அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதன் பின்னர் இதைப் படிக்கலாம். அவசரம் ஏதும் இல்லை.

என் பெயர் செங்கல்வராயன். வயது நாற்பத்து மூன்று. பிறந்த ஊர் குடியாத்தம். எங்கள் குலத்தொழில் நெசவாகும். ஐந்தாம் வயதில் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்தவன் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்தே பார்த்தேன். பின்னர் ஆம்பூருக்கு வந்து தோல் தொழிற்சாலை ஒன்றில் மோட்டார் பார்த்தேன். இப்போது கடைத்தெருவில் ஒலிபெருக்கி, வானொலி முதலியவற்றைப் பழுது பார்க்கிறேன். முப்பத்தாறாம் வயதில் தோல் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் நடந்த முதியோர் வகுப்பில் சேர்ந்து அகர வரிசை கற்றேன். நாற்பத்தோராம் வயதில் எட்டாம் வகுப்பு அரசுத் தேர்வை எழுதித் தேறினேன். தமிழில் அறுபத்தெட்டு மதிப்பெண்.

இவற்றைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நயீம் அகமது இறந்தது குறித்த விசாரணை அறிக்கையில், "எழுத்தறிவற்ற மிஸ்திரியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து" என்று எழுதியுள்ளார்கள். அந்த ஒரு தொடரில் மூன்று பிழைகள் உள்ளன. எழுத்தறிவற்ற என்பது பிழை. கவனக்குறைவு என்பதும் பிழை. மூன்றாவதை உரிய இடத்தில் கூறுவேன்.

என்னிடம் மின் கிதார்கள் நான்கு இருந்தன. கறுப்பு நிறத்தது சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கியது. பச்சை நிறத்தது கல்கத்தாவில் செய்தது. இன்னொன்று பெங்களூர் ஓட்டல் ஒன்றின் வாத்தியக் குழு கலைந்தபோது கிடைத்தது. நான்காவதை நானே செய்தேன். அதன் உடல் பலா, கழுத்து எங்கள் வீட்டுப் பழைய தறிமரம். செவ்வாய்தோறும் ஆட்டுமயிர்த் தூரிகையால் தூசி தட்டுவேன். தந்திகளைத் தளர்த்தி, ஒவ்வொன்றையும் புதுக் கைலியில் சுற்றி, கட்டிலில் வரிசையாகப் படுக்க வைப்பேன். நாங்கள் தரையில் படுத்துக்கொள்வோம்.

என் மனைவி ஜெயம்மாள் நகைச்சுவை உடையவள்.

"எனக்கு மாத்துப் பொடவ இல்ல. இதுங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு புதுக் கைலி. இன்னாய்யா குடித்தனம் இது?" என்பாள்.

வாசிக்க எனக்கு வராது. அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. நூலகர் நூல்களை எழுதுவதில்லை, பாதுகாக்கிறார். என் பணியும் அத்தகையதே.

நிற்க. சோலையார்பேட்டை இரயில்வே குடியிருப்பில் மெல்வின் என்ற ஆங்கிலோ இந்திய எஞ்சின் ஓட்டுநர் இருந்தார். அவரிடம் சிவப்பு நிற மின் கிதார் ஒன்றும் அதற்குரிய ஒலிபெருக்கியும் இருந்தன. அத்தகைய சிவப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. நன்கு பழுத்த மிளகாயின் நிறம். அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா செல்லவிருந்தார். இரண்டு ஆண்டுகள், மாதம் இருமுறை, நான் சென்று அதற்குத் தந்தி மாற்றினேன், ஈயம் பற்றவைத்தேன், கூலி பெறவில்லை. "போறப்போ இது உனக்குத்தான், செங்கல்" என்று அவர் தம் வாயாலேயே கூறியிருந்தார்.

நயீம் அகமதுக்கு வயது இருபத்து நான்கு. தோல் மண்டியில் உப்புத் தோல் தரம் பிரிப்பவன். மகிழ்ச்சியான பிள்ளை. உருதுப் பள்ளியில் படித்தவன். தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவான், எழுத்து மட்டும் தெரியாது. பேருந்துப் பலகை, சினிமாச் சுவரொட்டி, சங்க நோட்டீசு எதுவாயினும் என் கடைக்கு வந்து, "வாத்தியாரே, இன்னா போட்டிருக்கான், படிங்க" என்பான். நான் உரக்கப் படிப்பேன். என்னை வாத்தியாரே என்று அழைத்தவன் இவ்வுலகில் அவன் ஒருவனே. என் கடையில்தான் கிதார் பழகினான். பச்சைக் கிதாரை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் விரல்களின் வியர்வையைத் துடைக்கத் துணியோடு அருகில் நிற்பேன். அவன் வாசித்தால் எதிர்க்கடை பாத்திரக்காரர் தட்டுவதை நிறுத்திவிடுவார்.

சென்ற தை மாதம் அவன் தோல் கட்டுகளை அனுப்பச் சோலையார்பேட்டைக்குச் சென்றான். குடியிருப்புப் பக்கம் கிதார் ஒலி கேட்டிருக்கிறது. உள்ளே சென்று அரைமணி நேரம் வாசித்திருக்கிறான். மாலை வண்டியில் சிவப்புக் கிதாரையும் ஒலிபெருக்கியையும் சுமந்துகொண்டு நேரே என் கடைக்கு வந்தான்.

"அண்ணே! மொதல்ல உங்களுக்குத்தான் காட்றேன். அம்மாகிட்டகூட இன்னும் காட்டல. அந்த டிரைவர் சும்மாவே எடுத்துக்கோன்னுட்டாரு அண்ணே, அழுவுறாரு!"

மெல்வின் எனக்குக் கொடுத்திருந்த வாக்குறுதியைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நானும் கூறவில்லை. மறுநாள் மெல்வினைச் சென்று கண்டேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டே, "கோச்சுக்காத செங்கல். உன்கிட்ட இருந்தா நீ தொடைப்ப. அந்தப் பையன்கிட்ட இருந்தா அது பாடும்" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பெட்டிக்கு நல்ல முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நயீம் அந்தக் கிதாரைப் பராமரித்த முறையைத் தாங்கள் அறிதல் வேண்டும். உப்புத் தோல் அடுக்கிய கிடங்கில் ஆணியில் மாட்டினான். பதினைந்தே நாளில் தந்திகள் துருவேறின. பளபளப்புக்காகத் தோலுக்கு இடும் மீனெண்ணெயைத் தடவினான். நான் நயமாக எடுத்துக் கூறினேன்.

"தம்பி, இது கிதாரு. எருமைத் தோலு இல்ல."

"நம்மூர்ல எல்லாம் ஒண்ணுதான் வாத்தியாரே. எண்ண போட்டா ஜாஸ்தி நாள் ஒழைக்கும்!"

தேநீர்க் கடையில் அனைவரும் சிரித்தனர். அவன் தோழன் சத்தார், "அண்ணன்கிட்ட நாலு கிதாரு கீது, ஒரு பாட்டு இல்ல. உன்கிட்ட ஒரு கிதாரு, நாப்பது பாட்டு. எது ஜாஸ்தி சொல்லு?" என்றான். நயீம் அவன் தலையில் தட்டி, "டேய், வாத்தியார் இல்லன்னா எனக்கு ஏதுடா பாட்டு?" என்றான். ஆனால் அவனும் சிரித்துக்கொண்டேதான் கூறினான். நானும் சிரித்தேன். எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. அது சென்ற மாசி மாதம் பதினொன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

சித்திரையில் சங்க ஆண்டு விழா வந்தது. மேடையில் நயீம் வாசிப்பதாக ஏற்பாடு. எட்டு நாள் முன்னதாக ஒலிபெருக்கியைப் பழுது பார்க்கக் கொண்டு வந்தான். "தொட்டா லேசா கிள்ளுது அண்ணே" என்றான். திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பாகம் பழுதாகி, மின்சாரம் உடற்பகுதிக்குக் கசிந்துகொண்டிருந்தது. கால் மணி நேர வேலை. செய்து முடித்தேன். நன்றாகவே செய்தேன்.

பிறகு நெடுநேரம் சிந்தித்து, அதை முன்பிருந்ததைவிடச் சிறிது கூடுதலாகப் பழுதாக்கினேன்.

இங்கே கவனக்குறைவு என்னும் பிழை நீங்குகிறது. அவ்வேலையைப் போல் கவனமாக நான் எதையும் செய்ததில்லை. அதோடு நில்லாமல், எழுத்து மூலமாக எச்சரிக்கையும் கொடுத்தேன். ஒரு தாளில் மையால் எழுதி, பசை தடவி, ஒலிபெருக்கியின் பின்புறம் ஒட்டினேன்: "எச்சரிக்கை. இவ்வொலிபெருக்கியின் உடற்பகுதியில் மின்சாரம் பாய்கின்றது. இதனுடன் இணைக்கப்பட்ட கிதாரின் தந்திகளை ஈரத் தரையில் வெறுங்காலுடன் தொடுபவர் உயிரிழப்பர்." மூன்று முறை எழுதிப் பார்த்து, நான்காவதை ஒட்டினேன்.

விழா, தோல் காயவைக்கும் களத்துச் சிமெண்டு மேடையில் மாலை நான்கு மணிக்குத் தொடங்கிற்று. அக்களம் கொதிக்கும். எனவே வழக்கம்போல் மேடையில் தண்ணீர் தெளித்து, சூடு தணிந்தபின் ஜமக்காளம் விரித்தனர். இன்னும் நான்கு குடம் ஊற்றச் சொன்னது நானே. ஊருக்கெல்லாம் செருப்புத் தைக்கத் தோல் அனுப்பும் எங்கள் ஊரில், ஜமக்காளத்தின் மேல் செருப்புக் காலோடு ஏறுபவர் ஒருவரும் இல்லை. நயீம் தன் ரப்பர் செருப்பைக் களத்தின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறினான். முதல் வரிசையில் அவன் தாயார் அக்தரி பேகம் அமர்ந்திருந்தார். அவன் அவருக்கு சலாம் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, தந்திகளின் மேல் கை வைத்தான்.

கிதார் கீழே விழாமல் நான் தாங்கிப் பிடித்தேன். மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகுதான். அதில் பதற்றம் கொள்ளவில்லை.

ஒலிபெருக்கியை மட்டும் காவல் நிலையத்தார் எடுத்துச் சென்றனர். மூன்றாம் நாள் அக்தரி பேகம் என்னை ஆளனுப்பி அழைத்தார். முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தச் சாமான் எங்க வூட்ல வேணாம் தம்பி. நீங்கதான் அவனுக்கு உஸ்தாது. நீங்களே வெச்சுக்குங்க" என்றார். கிதாரை வீட்டுக்குக் கொண்டுவந்து மீனெண்ணெயைத் துடைக்க ஆறு நாள் பிடித்தது. இப்போது ஐந்தும் கட்டிலில் படுத்திருக்கின்றன. பார்க்கக் கண் நிறைகிறது. ஜெயம்மாள் மட்டும் குடியாத்தத்துக்குச் செல்ல மூட்டை கட்டுகிறாள்.

அறிக்கை மட்டும் வராதிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். எழுத்தறிவற்ற மிஸ்திரி எச்சரிக்கை எதுவும் தரவில்லை என்று ஊரார் பேசிக்கொள்வதை என்னால் தாங்க இயலவில்லை. நான் எச்சரித்தேன். அவன் படித்திருந்தால் இன்று உயிரோடு இருப்பான். அறியாமையே அவனைக் கொன்றது என்பது என் கருத்து.

ஒன்றை மறைத்தல் முறையன்று. விழா அன்று காலை, பழுது பார்த்த ஒலிபெருக்கியைப் பெற்றுக்கொள்ள வந்தபோது, நயீம் அதைத் திருப்பிப் பார்த்துச் சீட்டைக் கண்டான்.

"அட, முத்து முத்தா எழுதிக்கிறீங்களே வாத்தியாரே. இன்னா போட்டிருக்கு, படிங்க."

அவன் எப்போதும் போல் மேசையில் கையை ஊன்றி, கேட்பதற்குக் காத்திருந்தான். நானும் எப்போதும் போல் கண்ணாடியை அணிந்து, உரக்கப் படித்தேன்.

"நயீம் தம்பிக்கு வாழ்த்து. உன் விரல் பட்டு இந்த ஊரு சந்தோஷப்படட்டும். இப்படிக்கு, உன் வாத்தியார்."

அவன் என் கைகளைப் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

எனவே விபத்து என்னும் மூன்றாவது பிழையையும் தாங்கள் திருத்திக்கொள்ளலாம். நான் அவனைக் கொன்றேன். சீட்டு இன்னும் ஒலிபெருக்கியின் பின்புறத்திலேயே உள்ளது. மேடையில் திரையை ஒட்டியும் இங்கே சுவரை ஒட்டியும் வைத்ததால் ஒருவரும் பார்க்கவில்லை. கூஜாவை எடுத்துவிட்டு, சற்றுத் திருப்பி, நிதானமாகப் படித்துப் பாருங்கள், ஐயா. அதில் ஒரு பிழைகூட இராது.