பெயரைத் தப்பாகச் சொன்னவள்

— அப்போ உங்க படத்தோட ரெண்டாவது பாட்டுல குதிரை மேல போறது எங்கம்மா இல்லையா, மேடம்?

— அது நான்தான். கிழட்டுக் குதிரை, நடக்கவே நாலு தரம் யோசிக்கும். அதுக்கு எதுக்கு டூப்?

— ஆத்துல குதிக்கிறது?

— அது உங்கம்மா. வத்சலாதான். ஆனா கேட்டுக்கோ, முதுகுதான் தெரியும். டூப்போட முகம் காமிராவுல விழுந்தா ஷாட் வீண். அப்புறம் வசவு காதுகுடுத்துக் கேக்க முடியாது.

— முதுகு போதும், மேடம். எந்த இடம்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன். அவங்க போனப்போ எனக்குப் பத்து மாசம். வீட்ல இருந்த ஒரே கல்யாண போட்டோவும் எனக்கு விவரம் தெரியிறதுக்கு முன்னாலயே ஒரு வெள்ளத்தோட போயிடுச்சு. சித்திகிட்ட கேட்டா, "நீலாஞ்சனா நடிச்ச படத்துல எங்கயோ ஓடிக்கிட்டிருக்கா, போய்த் தேடிக்கோ"ன்னுவா. நாப்பத்திமூணு வயசாச்சு. எங்கம்மா மூக்கு எப்படின்னுகூட எனக்குத் தெரியாது.

— பேபி, மாத்திரை.

— பாத்தியா ஷைலஜா? எழுபது வயசுக் கிழவி நான். இந்த ரோஸிக்கு இன்னும் பேபி.

— தலை வாரி விடுறவளுக்கு எல்லா ஹீரோயினும் பேபிதான். தலையில முடியே இல்லாட்டியும் பேபிதான். ஏம்மா ஷைலஜா, நீ கொண்டு வந்த போளியை இவங்க கையில குடுத்துடாதே. சர்க்கரை முந்நூறு. திருடித் திம்பாங்க.

— போடி. நீ போய் டீ போடு... சர்க்கஸ்ல இருந்து வந்தவ உங்கம்மா, தெரியுமோ? மிரஜ் ஊர்ல கூடாரம் மூடினதும் இங்க சினிமாவுக்கு வந்தா. மாடியில இருந்து விழச் சொன்னா, "எந்தப் பக்கமா விழணும்?"னு மட்டும் கேப்பா. பயம்னா என்னன்னு தெரியாது. எனக்குத்தான் எல்லாத்துக்கும் பயம்.

— உங்களுக்கென்ன மேடம் பயம்? எவ்வளவு பெரிய ஸ்டார்!

— ஸ்டாரா? நான் ராம்பூர்ல இருந்து பதினாறு வயசுல வந்தவ. மெஹ்ருன்னிசாங்கிற பேரை அழிச்சுட்டு நீலாஞ்சனான்னு வெச்சாங்க. முதல் படம் சுமாரா ஓடிச்சு. அப்புறம் வரிசையா நாலு படம் படுத்துக்கிச்சு. ராசியில்லாதவன்னு முத்திரை குத்திட்டாங்க. நான் செட்டுக்குள்ள வந்தா லைட்மேன்கூட எலுமிச்சம்பழம் கட்டுவான். அந்த ஹவேலி, பழைய மாளிகை எரியிற படம்தான் கடைசி வாய்ப்பு. அது போனா ராம்பூருக்கு ரயிலேற வேண்டியதுதான். அங்க எவன் சேத்துப்பான்?

— அந்தப் படத்தால எங்க சால்ல, அந்த வரிசை வீட்டுக் குடியிருப்புல, நான் பட்ட பாடு! எம் பேரு அங்க ஷைலஜா இல்ல. எல்லாருக்கும் மிட்டுதான். படத்துல தீப்பிடிக்கிற இடத்துல நீங்க புள்ளயைத் தேடிக் கத்துவீங்கல்ல, "மிட்டூ!"ன்னு? தண்ணிக் குழாய்க்குப் போனா நாலு பசங்க நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு அதே மாதிரி கத்துவானுங்க. சினிமாப் பேரை எனக்கு எவ வெச்சாளோன்னு அழுவேன். சித்தி மட்டும் அந்தப் பேரைச் சொல்லவே மாட்டா.

— என்னையும் அதைக் கத்திக் காட்டச் சொல்லித்தான் கேக்கிறாங்க. ஏர்போர்ட்ல, கல்யாண வீட்ல, ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கிறப்பகூட. "மேடம், ஒரு தரம் மிட்டூ சொல்லுங்க." நாப்பத்திரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் நான் சொன்னதில்ல.

— ஏன் மேடம்?

— சொல்ல வராது.

— பேபி, வேண்டாம். அந்தப் பொண்ணு முதுகு கேட்டு வந்திருக்கு. அதைக் குடுத்து அனுப்பு.

— சும்மா இரு, ரோஸி. ஷைலஜா, கேட்டுக்கோ. நீ எழுதி வெச்சதெல்லாம் அடிச்சுடு. தீப்பிடிக்கிற அந்த ஷாட்டைப் பாரு. கதவைத் தள்ளிக்கிட்டு ஒருத்தி வருவா. பாதி முகம் முடி, பாதி முகம் புகை. மூக்கும் வாயும் நல்லாத் தெரியும். அது நான் இல்ல.

— என்ன மேடம் சொல்றீங்க? அந்த ஷாட்டுக்குத்தானே உங்களுக்கு அவார்டு குடுத்தாங்க?

— ஆமா. மேடையில நின்னு வாங்கினேன். உங்கம்மா மூக்கு, கொஞ்சம் கூர்மை. உன்னோடது மாதிரியேதான்.

— ரோஸி ஆன்ட்டி... கொஞ்சம் தண்ணி குடுங்க.

— இந்தாம்மா. உக்காந்து குடி. நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே.

— அந்தக் குரல், மேடம்? அதுவாவது உங்களோடதுதானே?

— அதுவும் அவளோடதுதான். செட்ல பேசுறதை அப்போ படத்துல வைக்க மாட்டாங்க. அடையாளத்துக்குப் பதிவு பண்ணிட்டு, பின்னால டப்பிங் தியேட்டர்ல நான் பேசணும். கதையில புள்ள பேரு சோனு. வாயை "சோனு, சோனு"ன்னு அசைச்சுக்கிட்டு ஓடி வான்னுதான் வத்சலாகிட்ட சொல்லியிருந்தாங்க. பாதி வழியில உத்தரம் விழுந்துடுச்சு. புடவை பத்திக்கிச்சு. அப்போ அவ வாயில வந்தது சோனு இல்ல.

— மேடம்...

— டப்பிங்ல காதுல அவ குரலைப் போட்டாங்க. நானும் இருபத்திரெண்டு தரம் கத்திப் பாத்தேன். "சோ"ன்னு சொன்னா படத்துல அவ உதட்டசைவோட ஒட்டல. "மிட்டூ"ன்னு சொல்ல எனக்கு வரல. கடைசியில அவ குரலையே விட்டுட்டாங்க. மத்த சீன்ல எல்லாம் சோனுவை எடுத்துட்டு மிட்டுன்னு போட்டாங்க. படத்தைப் பாத்து உனக்குப் பேர் வெக்கலம்மா. உன் பேரைத்தான் படத்துக்கு வெச்சோம்.

— என்னைத்தான் கூப்பிட்டாங்களா? சாகப்போற நேரத்துல?

— உன்னைத்தான்.

— நான் காதைப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சேனே! எங்கம்மா குரலுக்கா காதைப் பொத்தினேன்? மேடம், காலைக் குடுங்க. கும்பிட்டுக்கிறேன். முதுகு தேடி வந்தவளுக்கு முகம் குடுத்தீங்க, குரலும் குடுத்தீங்க.

— தொடாதே. காலைத் தொடாதே!

— பேபி, போதும். அவ சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும். நீ தூக்கத்துல உளர்றதை நான் ஒருத்தி கேட்டது போதாதா?

— அங்க யாரும் ஓடி வரலையா, மேடம்? அத்தனை பேர் இருந்தாங்களே?

— டைரக்டர் கட் சொல்லாம செட்ல ஒருத்தரும் நகர மாட்டாங்க. ஒரே ஒரு ஹவேலி, ஒரே தரம்தான் எரிக்க முடியும். நனைஞ்ச கம்பளியை வெச்சுக்கிட்டு நாலு பேர் நிக்கிறாங்க, அவர் வாயைப் பாத்துக்கிட்டு. அவரோ, "பேரைத் தப்பாச் சொல்றா. பரவாயில்ல, டப்பிங்ல சரி பண்ணிக்கலாம்"ங்கிறார். பிரமாதமா நடிக்கிறான்னு நினைச்சுட்டாரு. இருபது விநாடி அப்படியே ஓடிச்சு. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டா.

— பாவம், அவங்களுக்கென்ன தெரியும்? அது நடிப்பில்ல, எங்கம்மா பெத்த புள்ள பேருன்னு அங்க ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தா...

— ஒருத்தருக்குத் தெரியும்.

— பேபி!

— காலையில மேக்கப் ரூம்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி புடவை, ஒரே ரவிக்கை. அவ ரவிக்கை நெஞ்சுல நனைஞ்சிருந்தது. டிரெஸ்காரன் கத்தினான். நான் என்னோடதைக் கழட்டிக் குடுத்தேன். அப்போ சிரிச்சுக்கிட்டே சொன்னா, "பால் கட்டிக்கிச்சு மேம்சாப், இந்நேரம் என் மிட்டு அழுதுக்கிட்டிருப்பா"ன்னு.

— அப்போ நீங்க அங்க எங்க இருந்தீங்க?

— காமிராவுக்குப் பக்கத்துல. அதே புடவையில. அடுத்த க்ளோசப் எனக்கு.

— உங்களுக்குப் புரிஞ்சுதா, மேடம்? அவங்க கத்தினப்பவே?

— முதல் தரம் கத்தினதுமே புரிஞ்சுது. டைரக்டர் என் பக்கம் திரும்பி, "யாரு இந்த மிட்டு?"ன்னு கேட்டார். நான், "தெரியல சார், ஷாட் நல்லா வருது, ஓடட்டும்"னு சொன்னேன்.