உதறிட்டு உள்ளே வரவும்

— அதனால சொல்றேன் அபிநயா, எழுதி வச்சுக்கோ. இந்தக் காஞ்சிபுரத்துலயே பசங்க மனசார மதிக்கற ஒரே ரோபோ மென்ட்டார் இந்த ஸ்ரீவர்தன்தான். மரியாதையைக் கேட்டு வாங்கப்படாது. அதுவா வீடு தேடிண்டு வரணும்.

— சரிண்ணா, அது இருக்கட்டும். வெளிய போயி துணிய உதறிட்டு உள்ள வாங்க.

— மறுபடியும் அதானா? இது உங்க ஸ்கூல் லேபா, கோயில் மடப்பள்ளியா? எங்காத்துலகூட இவ்ளோ மடி பாக்கறதில்லம்மா.

— எங்க வீட்டுங்கள்ல தறி ஓடிக்கினு இருக்குதுண்ணா. துணில ஜரிகைத் தூள் ஒட்டிக்கினு வந்துரும். அது வெள்ளிக் கம்பி. ரோபோ போர்டு மேல விழுந்தா ஷார்ட்டு. போன வருசம் அப்டிதான் போர்டு போச்சு. அதுலேர்ந்து ஹெச்.எம். மிஸ்ஸே உதறிட்டுதான் வராங்க.

— உங்காத்துல தறி. எங்காத்துல பாசுரம். பாசுரம் சட்டையில ஒட்டிண்டு வந்து ஷார்ட் ஆகாது.

— இன்னிக்கு பட்டு வேட்டி, பட்டுத் துண்டுலாம் போட்டுக்கினு வந்துருக்கீங்களே?

— அக்காவுக்கு நிச்சயதார்த்தம். நாளைக்கு உங்களுக்குப் போட்டின்னு பந்தியில பாதில எழுந்துண்டு வரேன். இந்தத் தியாகத்தையும் எழுதி வச்சுக்கோ. நகரு, பேட்டரிய நானே மாட்டறேன். நான் தொட்டா ஓடும்.

— அண்ணா, துண்டு! துண்டு தொங்குது, போர்டு மேல...

— என்னம்மா வாசனை? யாரு சாம்பிராணி போடறா?

— போர்டுண்ணா.

— எது?

— மோட்டார் போர்டு. உங்க துண்டு ஓரம் பிரிஞ்சிக்கினு இருக்குது பாருங்க. அந்த ஜரிகை இழைதான் உள்ள பூந்துக்கினு இருக்குது.

— வேற போர்டு இல்லையா?

— ஒண்ணே ஒண்ணு இருக்குது. அதுவும் போச்சுன்னா நாளைக்கு நாங்க போயி அடுத்த ஸ்கூலுக்குக் கை தட்டிட்டு வரணும்.

— அங்க உங்க டீம் யுவன் என்னமோ முணுமுணுக்கறானே.

— நாளைக்கு உங்கள கூட்டிக்கினு போவணுமான்னு கேக்கறான். ரேவதி வேணாங்கறா.

— நீ கேப்டன். நீ என்ன சொன்ன?

— நான் இன்னும் ஒண்ணும் சொல்லலண்ணா.

— ...இதோ வரேன்.

— போங்கண்ணா. பாயசமாச்சும் மிச்சம் இருக்குதா பாருங்க. டேய் யுவா, அந்தக் கடைசி போர்ட எடுத்துக்கினு வா. பாத்து, மெதுவா...

— அபிநயா.

— அய்யோ, யாரு வாசல்ல? ஸ்ரீ அண்ணாவா? நீங்க வூட்டுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சோம். இன்னா கோலம் இது, யாரு லுங்கி?

— வாட்ச்மேன் இளவரசன் லுங்கி. என் பட்டு வேட்டிய அவர் கட்டிண்டு கேட்டுல நிக்கறார். போறவன் வரவன்லாம் அவருக்கு வணக்கம் வைக்கறான்.

— செரி, அங்கியே ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க.

— இரும்மா, முன்பக்கம் உதறிட்டேன். முதுகுக்குக் கை எட்டல. யுவனைக் கொஞ்சம் வந்து உதறிவிடச் சொல்றியா?