இரண்டாவது கையெழுத்து

"ஹலோ… ஹலோ… கேக்குதா அண்ணி? நான்தான்… வழுக்கை. பருந்து கோபுரத்துலேர்ந்து பேசுறேன்… ஆமா, அதே வழுக்கைதான். ஆறு வருஷமா போன் பண்ணாதவன்… ஆமா… ஆமா அண்ணி, திட்டுங்க. இங்க காத்து அடிக்குது, பாதிதான் காதுல விழும்."

கோபுரம் என்பது மரியாதைக்குச் சொல்வது. குன்றின் உச்சியில் நாலு இரும்புக் கால், மேலே பலகை, இரண்டு மடக்கு நாற்காலி, அவ்வளவுதான். குளிர் தொடங்குமுன் தெற்கே போகும் பருந்துகளையும் வல்லூறுகளையும் அங்கே உட்கார்ந்து எண்ணுவார்கள். எப்போதும் இரண்டு பேர். இன்று ஒரு நாற்காலி காலி. வழுக்கை கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தலையிலிருந்த தொப்பியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்திருந்தான்.

"அண்ணனுக்கு எப்படி இருக்கு?… பேச்சே வரலையா… வலது கையும்… ம்… ம்… போன மாசமே கேள்விப்பட்டேன் அண்ணி. பாக்க வரணும்னு கிளம்பவும் செஞ்சேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, டீ குடிச்சுட்டுத் திரும்பிட்டேன். தைரியத்துல நான் அப்படி… காது கேக்குமா?… அப்ப போனை அவரு பக்கத்துல வைங்களேன். பதிலெல்லாம் வேண்டாம்… ஸ்பீக்கர்லயா? சரி… சரி, போடுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டான். காலி நாற்காலியைப் பார்த்தபடி பேசத் தொடங்கினான்.

"அண்ணே. நான்தாண்ணே. இன்னிக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். ஒரே மணி நேரத்துல. சுத்திச் சுத்தி மேல ஏறும்போது எண்ணலை, சுத்துறதை விட்டுட்டு நேரா தெக்க பாத்துப் போகும்போது ஒண்ணொண்ணா எண்ணுனேன், நம்ம வழக்கப்படி. எண்ணுற மெஷினை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கிப்போச்சு. கூட உக்காருறவருக்குக் காய்ச்சல், வரலை. ஆபீசுக்குச் சொன்னா, ரெண்டாவது கையெழுத்து இல்லாம ஏத்துக்க முடியாதாம். 'தனியா இருந்தீங்க, ஏதாச்சும் தோணியிருக்கும்'ங்குறாரு ஆபீசரு. சிரிச்சுட்டேண்ணே. அப்புறம் உக்காந்துட்டேன்."

காற்று ஒருமுறை இரைந்து அடங்கியது.

"ஆறு வருஷம் முன்னாடி, நாம ரெண்டு பேரும் இங்க உக்காந்திருந்த அன்னிக்கு, நீங்க நாலாயிரத்து நூத்துப் பன்னெண்டு எழுதுனீங்க. ஆபீசுல என்னைக் கேட்டாங்க. நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், அவ்வளவு வரலைன்னு சொன்னேன். உங்களைப் பொய்க்கணக்கு எழுதுறவருன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க… நான் பாக்கலைண்ணே. தூங்கிட்டேன். வாயில ஈ பூந்து குடும்பம் நடத்தியிருக்கும், எனக்குத் தெரியாது. கண்ணு முழிச்சா மூஞ்சில தொப்பி கெடக்குது, வானம் தொடச்சுவிட்ட மாதிரி காலியா இருக்குது. தூங்குனேன்னு சொன்னா வேலை போயிடுமேன்னு… போச்சு, உங்களுது. நீங்கதான் பைனாகுலரை விட்டுக் கண்ணெடுக்கவே மாட்டீங்களே. நான் தூங்குனது உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன்.

"இன்னிக்கே ஆபீசுக்கு எழுதுறேண்ணே. ரெஜிஸ்டர்ல அந்த நாள் கட்டம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. உங்க எண்ணிக்கை அதுல ஏறணும். எனக்கு என்ன ஆனாலும் சரி… அண்ணே? கேக்குதாண்ணே?… அண்ணி, அவரு மூஞ்சில ஏதாச்சும் தெரியுதா?… என்னது… தூங்கிட்டாரா? எப்பலேர்ந்து?… மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துலயேவா…"

வழுக்கைக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வருஷம் மென்று விழுங்கியதை, தூங்கினேன் என்ற அந்த ஒரு சொல்லை, தூங்குகிறவரிடமே சொல்லி முடித்திருக்கிறான்.

"வேணாம் அண்ணி, எழுப்பாதீங்க… நீங்க கேட்டீங்கல்ல… ஆமா… ஆமா, அத்தனையும் நெசம்… என்ன?… அவருக்குத் தெரியுமா? எப்ப… அன்னிக்கேவா?… என்ன தொப்பி அண்ணி?"

மறுகையால் கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"ம்… வெறுந்தலையோட வந்தாரா… மூஞ்செல்லாம் கருகிப்போய்… ம்… 'பய அசந்து தூங்குறான், மூஞ்சில வெயில் அடிச்சுது, என் தொப்பியைப் போட்டுவிட்டேன்'னா சொன்னாரு… அப்ப ஆபீசுல ஏன் அண்ணி ஒரு வார்த்தை… பிள்ளைகுட்டிக்காரன்னு… ம்… ம்."

கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டியிருந்தது. தொப்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துத் துடைத்துக்கொண்டான்.

"அன்னிக்கு நான் வீட்டுக்குப் போனா, என் தொப்பி, காலையில எடுக்க மறந்துட்டுப் போன ஆணியிலயே தொங்குது அண்ணி. கையிலயும் ஒண்ணு இருக்குது. ஆபீசுல எல்லாருக்கும் ஒரே மாதிரி தொப்பிதானே, எனக்கு மட்டும் ரெண்டு குடுத்துட்டாங்க போலன்னு நெனச்சேன்… ஆமா. எண்ணுறதுதான் எனக்கு வேலை… இப்பவா?… தலையிலதான் இருக்கு."

கழற்றினான். உச்சந்தலையில் வெயில் சுள்ளென்று இறங்கியது.

"அண்ணி… அங்க ஜன்னல் வழியா வெயில் வருதா?… அவரு மூஞ்சிலயா படுது?… திரையைக் கொஞ்சம் இழுத்து விடுங்க… பரவாயில்ல, நான் இருக்கேன். போங்க."

அங்கே கைபேசியை எதன்மீதோ வைத்தார்கள். திரையின் வளையங்கள் கம்பியில் உரசி ஓடின. பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. வழுக்கை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தூங்குகிறவர் எழுந்துவிடுவாரோ என்று மூச்சைக்கூட அடக்கியபடி உட்கார்ந்திருந்தான், இணைப்பு தானாக அறுந்துபோகும்வரை.