நடுப்பேச்சுல எந்திரிச்சுப் போனவரு

நான் என் கண்ணால பாக்கலண்ணே, அத முதல்லயே சொல்லிடறேன். சபையில ஆர்கன் வாசிக்கிறவரு சொல்லித்தான் எனக்கே தெரியும். "தம்பி, நீ பாட்டுக்கு நடுப்பேச்சுல இருக்க, ரெண்டாவது வரிசையில இருந்த டெய்லர் விருட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டாருப்பா"ன்னாரு. பைபிளும் காணிக்கைக் கவரும் பெஞ்சு மேலயே கிடந்துச்சாம். நான் எங்க பாத்தேன்? தலைய நிமிர்த்தினா வரி மாறிடும்னு பயம். பேப்பர விட்டு கண்ண எடுக்கவே இல்ல.

நீ உன் வேலையப் பாருண்ணே. ரெண்டு வருசமா உன் பஞ்சர் கடைப் பக்கம் எட்டிப் பாக்காத கூடப்பிறந்த தம்பி, திடீர்னு வந்து நின்னு டெய்லர் கதை அளக்குறானேன்னுதான் பாக்குற. தெரியுது. அந்த டியூப தண்ணியில முக்கி ஓட்டையக் கண்டுபிடிக்கிற வரைக்கும் கேளு, போதும்.

சபையில வருசத்துக்கு ஒரு ஞாயிறு வாலிபர்கள்ல ஒருத்தன பேச விடுவாங்கல்ல. இந்தத் தடவ நான். பாஸ்டர் என்ன எப்படி அறிமுகப்படுத்தினாருங்கிற? "தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி"ன்னு. அதுக்கும் சுவிசேஷத்துக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியல. ஆனா பிடிச்சிருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே பிடிச்சிருந்துச்சு. ரெண்டு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன். எங்க கைய நீட்டணும், எங்க நிறுத்தி மூச்சு விடணும், எல்லாம் ஓரத்துல பென்சில்ல குறிச்சு வச்சேன். ஒன்பது பக்கம்ணே. கையக் கண்டபடி நீட்டுறேன்னு அம்மா வேற சிரிச்சாங்க.

வசனம் என்னன்னு கேக்க மாட்டியா? சரி, கேக்காத. நானே சொல்றேன். காணிக்கை கொடுக்க வந்து நிக்கிறப்ப, உன் சகோதரனுக்கு உன் மேல ஒரு குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, கொண்டு வந்தத அங்கேயே வச்சுட்டு முதல்ல அவன்கிட்ட போ, சமாதானம் ஆகு, அப்புறம் வான்னு இயேசு சொல்றாருல்ல, அது. அதுல நான் ஒரு நுணுக்கம் கண்டுபிடிச்சிருந்தேன். உனக்கு அவன் மேல குறைன்னு சொல்லல. அவனுக்கு உன் மேல குறை. நீ கோவமா இருக்கியாங்கிறது கேள்வியே இல்ல. இதுக்கு மட்டும் மூணு பக்கம் எழுதினேன். இன்னொண்ணு, அவரு இதச் சொன்னது கலிலேயாவுல. காணிக்கை கொடுக்கிற இடம் எருசலேம். நடந்தா மூணு, நாலு நாளு. அவ்வளவு தூரம் போயிட்டு, வச்சுட்டு, திரும்பி வீட்டுக்கு நடந்து, சமாதானமாகி, மறுபடியும் நடந்து போன்னு சொல்றாரு. இத நான் சொன்னப்ப முன் வரிசையில ஒரு அக்கா "அடேயப்பா"ன்னாங்களாம். அதையும் ஆர்கன்காரருதான் சொன்னாரு.

என்ன? உப்புத்தாளா? இந்தா.

இவ்வளவு உழைச்சு ஒருத்தன் பேசினா, எந்திரிச்சுப் போறதாண்ணே? எனக்குத் தூக்கமே வரல. இவரு யாரு, பத்தாவது தாண்டாதவரு, என் பேச்சு பிடிக்கலையோன்னு நெனச்சேன். ஆமா, அப்படித்தான் நெனச்சேன். நீயும் பத்தாவது தாண்டாதவன்தான்னு அப்ப எனக்கு உறைக்கல. திங்கக்கிழம சபை வாட்ஸப் குரூப்புல ஒண்ணு போட்டேன். விதை சிலது வழியோரத்துல விழும், பறவைங்க வந்து கொத்திட்டுப் போயிடும், கேக்கக் காது உள்ளவங்களுக்கு இது புரியும்னு. பேரு சொல்லல. பேரு சொல்லாம குத்துறதுல நான் கெட்டிக்காரன். முப்பது பேரு கை கூப்புற பொம்மை போட்டாங்க. டெய்லரு போட்டாரு பாரு, "ஆமென் தம்பி, உண்மை"ன்னு. அதுவும் குரல் பதிவுல, தையல் மிஷின் சத்தத்தோட. என்னத்தச் சொல்ல?

சரி, நேர்லயே கேட்டுடலாம்னு பேண்ட் ஒண்ணத் தூக்கிட்டு அவரு கடைக்குப் போனேன். நீளம் குறைக்கணும்னு சும்மா ஒரு சாக்கு. நல்லா இருந்த பேண்ட். இப்ப கணுக்காலுக்கு மேல நிக்குது, பாரு. இத வச்சுத்தான் உன் முன்னாடி நிக்கிறேன்.

அந்த மனுசன் இஞ்ச் டேப்ப கழுத்துல போட்டுக்கிட்டு சிரிக்கிறாரு. "கோச்சுக்காத தம்பி, உன் பேச்சக் கேக்க முடியாமப் போச்சு. என் தம்பி பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகல, எட்டு வருசமாச்சு. நீ அதப் படிச்சதும் உக்கார முடியல, பஸ் ஏறிட்டேன்"ங்கிறாரு. வச்சுட்டுப் போன்னு படிச்சேன், வச்சுட்டுப் போயிட்டாருண்ணே. கவர் பெஞ்சு மேல கிடந்துச்சுன்னு கேட்டும் எனக்குப் புரியல. ஒன்பது பக்கம் விளக்கம் எழுதினவனுக்கு.

தம்பி சேத்துக்கிட்டானான்னு கேட்டேன். இல்லையாம். கதவையே திறக்கல, ஜன்னல் வழியாப் பேசிட்டு வந்தாராம். அடுத்த ஞாயிறும் போயிருக்காரு. ஜன்னல்தான். "இன்னும் போவேன்"னு சொல்லிட்டு என் பேண்ட்ட வெட்டிட்டாரு.

அதான் வந்தேன். இல்ல... அன்னிக்கே வரல. அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் இந்தத் தெரு முனை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனேன். ஒரு நாள் உன்கிட்ட வேற ஆள் இருந்தாங்க, ஒரு நாள் மழை. மழைன்னா தூத்தல்.

பட்டமளிப்பு அன்னிக்கு நீ என் பைய வச்சுக்கிட்டு மரத்தடியில நின்ன. வேலைய அப்படியே போட்டுட்டு வந்திருந்த, நகக்கண்ணுல கிரீஸ் போகல. என்கூடப் படிச்சவன் ஒருத்தன் "யாருடா அது"ன்னான். "எங்க தெருக்காரரு"ன்னேன். உனக்குக் கேட்டிருக்காதுன்னு ரெண்டு வருசமா என்ன நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். கேட்டுச்சு. பைய பெஞ்சு மேல வச்சுட்டு, சாப்பிடாம தனியா வீட்டுக்குப் போன. அம்மாகிட்ட கடையில அவசர வேலைன்னு சொன்ன. இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் நீ இத சொல்லல. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், என்ன ரெண்டு பேரு திட்டியிருப்பாங்க. பாரு, இதுலயும் உன்மேல ஒரு குறை கண்டுபிடிக்கிறேன்.

தப்புண்ணே. நான் சொன்னது தப்பு. விளக்கம் ஒண்ணும் இல்ல.

அந்தப் பேச்ச எழுதறதுக்கு அந்த வசனத்த இருபது தடவையாவது படிச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சி வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன்.

என்னண்ணே, ஸ்டூல காலால தள்ளுற? உக்காரச் சொல்றியா, வழிய விடச் சொல்றியா? ...சரி. உக்காந்துட்டேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. நேத்து அந்த ஞாயிறோட பதிவ வாங்கிப் போட்டுக் கேட்டேன். டெய்லரு நடுப்பேச்சுல எல்லாம் போகலண்ணே. நான் வசனத்த மட்டும் படிச்சு முடிக்கிறேன். பெஞ்சு நகர்ற சத்தம் கேக்குது. செருப்புச் சத்தம். கதவு சாத்துற சத்தம். அதுக்கப்புறம்தான் நான் தொண்டையச் செருமிக்கிட்டு, "அன்பானவர்களே"ன்னு பேசவே ஆரம்பிக்கிறேன்.