வலது பக்கத்து சீட்

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும் எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் நண்பரிடம் சொன்னார்:

“எம் பொண்டாட்டி தூங்கிகினே கார் ஓட்றான்னு டிராபிக் போலீஸ் நிறுத்திட்டாரு மச்சான்.”

நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“தங்கச்சிக்கு சைக்கிளே ஓட்ட வராதேடா.”

“நம்ம பழைய அமெரிக்கா வண்டிடா. எங்கப்பா வயசு அதுக்கு. ஸ்டியரிங் லெஃப்ட்ல கீது. ரைட்ல அவ குறட்டை விட்டுகினு வந்தா. பெருங்களத்தூர் சிக்னல்ல கண்ணாடியத் தட்டி அவகிட்ட லைசென்ஸ் கேக்கறாரு.”

“புது பிரேக் போட்ட, ஏசி போட்ட. ஸ்டியரிங்கையும் ரைட்டுக்கு மாத்திடேன்.”

“மாத்தலாம்னுதான் இருந்தேன். அவ கூடாதுன்னுட்டா.”

“ஏன்?”

“இப்பல்லாம் வண்டியில அவ தூங்கறதே இல்ல. ஜிஎஸ்டி ரோட்டுல பக்கத்துல பஸ் வந்தா, ரெண்டு கையையும் தூக்கி நிதானமா ஜடை பின்னிகினு வர்றா. பஸ்ஸே எழுந்து நின்னு பாக்குது.”