அண்ணி பெயரில் கொடுத்த ரத்தம்

பெடாஸிலிருந்து சிரம்பான் போகும் காலை பஸ். வெளியே ரப்பர் மரங்கள் பனியில் மிதந்து வந்தன. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“தோட்டத்துல புல்லுக்கு மருந்தடிக்கிறவங்க ரத்தத்தை டெஸ்ட் பண்றாங்கன்னதும், ஏதாச்சும் இருந்தா என் வேலை போயிடுமேன்னு என் பேரைச் சொல்லி உன்னை அனுப்பினேன். இப்ப அந்த ரத்தத்துல விஷம் இருக்குங்கிறாங்க.”

“நான் வீட்டுல இருக்கிறவ அண்ணி. மருந்து டாங்கியைத் தொட்டதுகூட இல்ல. எனக்கு எப்படி வரும்?”

“என் வேலைத் துணியெல்லாம் நீதானே துவைக்கிற.”

இளையவள் தன் கைகளை முகர்ந்து பார்த்தாள்.

“சோப்பு வாசம்தான் வருது.”

பஸ் தூளிபோல் மெல்ல ஆடிக்கொண்டே போனது.

“டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடுவோம்லா. வேலை போனா போகட்டும். உனக்கு மருந்து கொடுக்கட்டும்.”

“சொல்லுங்க. ஆனா உங்க ரத்தத்தை இன்னும் யாருமே பார்க்கலையே அண்ணி.”